எமிலியா அன்ரியின் இரண்டாவது தட்டு

எமிலியா அன்ரி போய்விட்ட செய்தி எனக்கு மரக்கறிக் கடையில் வைத்துத்தான் கிடைத்தது. கார்த்திகை மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரரின் படங்குக்குக் கீழே நின்று, நல்ல தக்காளியை மேலேயும் அழுகியதைக் கீழேயும் அடுக்கி வைத்திருந்ததற்காக அவரைப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது எமிலியா அன்ரியின் மகன் அன்ரன் போனில் கோல் எடுத்தான். "அக்கா, அம்மா விடியக்காலமை மோசம் போயிற்றா" என்றான். "விசர்க்கதை கதையாதை" என்று சொல்லிவிட்டேன். தாயை இழந்தவனுக்குச் சொல்லுகிற ஆறுதலா இது? ஆனால் எனக்கு உண்மையாகவே நம்ப முடியவில்லை. அந்த வீட்டுப் படலையைத் திறக்க எமனே கொஞ்சம் யோசிப்பான் என்றுதான் பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை முழுவதும் நம்பியிருந்தது.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் அன்ரன் நேரில் வந்தான். முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம், நானும் எழுத வேண்டுமாம்.

"உன்ர அம்மாவைப் பற்றி என்னட்டயோ கேக்கிறாய்?" என்றேன்.

"ஓம் அக்கா. அம்மாவோட ஆகக் கூடச் சண்டை பிடிச்சது நீங்களும் உங்கட அம்மாவும்தானே. மற்ற ஆக்கள் எல்லாரும் ஒரே மாதிரி எழுதித் தந்திருக்கினம்."

என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அன்பின் உருவம், பண்பின் சிகரம், பங்கின் ஒளிவிளக்கு. செத்த வீட்டில் இருந்து வாடகைக் கதிரை திரும்பிப் போகும் முன்னமே மனிதர்களுக்கு ஞாபகம் கெட்டுப்போகிறது. எமிலியா அன்ரி அன்பின் உருவம் இல்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டு, முத்திரை வாங்கப் போனவர்களைக் கடன் கேட்டு வந்தவர்களைப் போலப் பார்த்தவர். கரோல் பாட வந்த பிள்ளைகளின் பாவாடை நீளத்தை எல்லார் முன்னிலையிலும் குனிந்து பார்த்தவர். பூசையில் என் தங்கச்சி செலின் கொட்டாவி விட்டாள் என்று பின்வாங்கிலில் இருந்து எட்டிக் குட்டியவர். அவரிடம் குட்டு வாங்கியவர்களில் அரைவாசிப் பேர் இந்த மலரில் எழுதியிருப்பார்கள். நான் உள்ளதை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டலாம்.

எங்கள் குடும்பத்துக்கும் அவருக்கும் இருந்த சண்டை, பாலன் பிறந்த திருநாளான நத்தாரைப் பற்றியது. ஆகவே நத்தாரில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

என் அப்பா மரியதாஸ் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை பார்த்தவர். மார்கழி பிறந்தால் வெறும் சீமெந்துப் பைகளைச் சுருட்டிக்கொண்டு வருவார். அவற்றைக் கஞ்சியில் நனைத்துக் கசக்கிக் காயவிட்டு, விறாந்தை மூலையில் பாலன் குடிலுக்கு மலை கட்டுவார். நானும் செலினும் மீன் ரின்களில் பயறு முளைக்கவிட்டு வயல் செய்வோம். குசினியில் அம்மா அரியதரம் சுடச்சுட அப்பா பின்னால் போய்க் களவெடுத்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். ஒவ்வொரு வருடமும் சுட்டுக்கொள்வார். நாங்களும் ஒவ்வொரு வருடமும் அதைப் பார்த்துச் சிரிக்கக் காத்திருப்போம்.

ஊரடங்கு போட்ட காலத்தில் நள்ளிரவுப் பூசையைப் பின்னேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். முதல் தடவை அதை அறிவித்தபோது எமிலியா அன்ரி கோயிலுக்குள்ளேயே எழும்பி நின்று, "சுவாமி, ஆமிக்காரன் சொல்லுற நேரத்துக்கோ ஆண்டவர் பிறக்கிறவர்?" என்று கேட்டார். சுவாமியார் விறைத்துப்போய் நின்றார். அப்பா சத்தமாகச் சிரித்து அம்மாவிடம் கிள்ளு வாங்கினார். வெளியே வந்து, "பின்னேரம் பிறந்தா என்ன எமிலியாக்கா, நித்திரை முழிக்கத் தேவையில்லைத்தானே" என்றார். "உமக்குச் சாப்பாடு பிந்தாட்டில் காணும்" என்று அவர் வெட்டினார். அவருடைய வாய்க்குப் பயப்படாமல் பதில் சொன்ன ஒரே ஆள் எங்கள் அப்பாதான். அந்தப் பின்னேரப் பாலனே அப்பாவோடு நாங்கள் கொண்டாடிய கடைசிப் பாலன்.

அடுத்த ஆவணியில் ஒரு காலை அப்பா சைக்கிளில் வேலைக்குப் போனார். சந்தியில் இருந்த சோதனைச் சாவடியில் அவரை மறித்து வைத்திருந்ததைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அம்மா போகாத முகாம் இல்லை, நிற்காத வாசல் இல்லை. "எங்களிடம் இல்லை" என்று எல்லா இடத்திலும் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கும்.

மார்கழி வந்தது. வெளியூர் ஆட்களுக்கு எங்கள் ஒழுங்கை வழக்கத்தை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நத்தாருக்குத் தாச்சி வைப்பதில்லை. எண்ணெய் கொதிக்கக்கூடாது, பலகாரம் சுடக்கூடாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏங்கிப்போகாமல் இருக்கத் திருநாளுக்கு முதல்நாள் அயலில் உள்ள பெரியவர்கள் பலகாரத் தட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மற்ற வீடுகளுக்கு என்றால் நத்தார் அன்று பூசை முடிந்து சின்னப் பிள்ளைகள்தான் தட்டோடு ஓடுவார்கள். அந்தத் தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பி அனுப்பமாட்டார்கள். துக்க வீட்டுத் தட்டு மட்டும் வெறுமையாகத் திரும்பும். ஆண்டுப் பூசையோடு துக்கம் முடியும். அடுத்த நத்தாருக்கு அந்த வீட்டிலும் தாச்சி ஏறும். அயலில் இருந்த சைவ வீடுகளுக்கும் தீபாவளிக்கு ஏறக்குறைய இதே வழக்கம்தான்.

அம்மா தாச்சி வைப்பது என்று முடிவெடுத்தார். வைக்காவிட்டால் அப்பா செத்துவிட்டார் என்று நாங்களே ஊருக்குச் சொன்னதாகிவிடும். முதல்நாள் பின்னேரம் அழுதழுது மாவைக் குழைத்தார். எனக்கும் செலினுக்கும் சந்தோசம். அதை ஏன் மறைக்க வேண்டும்? நாங்கள் பிள்ளைகள், எங்களுக்கு நத்தார் வேண்டும். எண்ணெய் காய்ந்து முதல் அரியதரத்தைப் போடுகிற நேரம் படலைச் சத்தம் கேட்டது. வெள்ளைச் சீலைத்துண்டால் மூடிய தட்டோடு எமிலியா அன்ரி நின்றார்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனார். "என்னக்கா, தட்டு நாளைக்கெல்லோ வாறது?"

"இது இண்டைக்குரிய தட்டு, பிலோமினா."

"இண்டைக்குத் தட்டு வாறதெண்டால் வீட்டில ஆரும் செத்திருக்க வேணும்."

"ஓம்" என்றார் எமிலியா அன்ரி.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அம்மா தட்டை வாங்கினார். வாங்கி, அப்படியே ஒழுங்கை வாய்க்காலில் கொட்டினார். முறுக்கும் பணியாரமும் மழைத் தண்ணீரில் மிதந்து போயின. செலின் அவற்றைப் பிடிக்க ஓடினாள். அம்மா அவளை இழுத்து முதுகில் ஒன்று வைத்தார். எமிலியா அன்ரி தட்டை வாங்கித் தன் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அம்மா குசினிக்கு வந்து தாச்சியை இறக்கி அடுப்பில் தண்ணீரை ஊற்றினார். அந்த "ஓம்" காதில் விழுந்த பிறகு அவரால் பலகாரம் சுட ஏலாமல் போய்விட்டது. தட்டை வாங்கி அப்பாவைச் சாகக் கொடுக்கவும் ஏலாது. அன்று முதல் எங்கள் வீடு செத்த வீடும் இல்லை, மற்ற வீடுகளைப் போலவும் இல்லை. அப்பா கட்டிய மலை பரணில் கிடந்து கறையான் தின்று முடிந்தது. இதைச் செய்தவர் எமிலியா அன்ரி. மலரின் மற்றப் பக்கங்களில் இது வராது.

அடுத்த வருடமும் வந்தார். அதற்கு அடுத்த வருடமும் வந்தார். அம்மா படலையைப் பூட்டினார். அவர் தட்டை மதிலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா நாயை அவிழ்த்துவிட்டார். நாய் அவருடைய முறுக்கைத் தின்று அவருக்கு வால் ஆட்டப் பழகிக்கொண்டது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் நல்ல நத்தார் கொண்டாடியது நாயும் காகங்களும்தான். ஷெல் விழுந்து நாங்கள் எல்லாரும் கோயில் மண்டபத்தில் பாய் போட்டுக் கிடந்த வருடம், இம்முறையாவது தப்பினோம் என்று நினைத்தேன். எமிலியா அன்ரி நிவாரணத்துக்குக் கிடைத்த பிஸ்கற்றை ஒரு தட்டில் வட்டமாக அடுக்கிக்கொண்டு, படுத்திருந்த சனங்களுக்கு மேலால் கால் வைத்து வந்துவிட்டார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எனக்குக் கச்சேரியில் அரசாங்க வேலை கிடைத்த பிறகு ஒருநாள் நேரே தபால் கந்தோருக்குப் போனேன். இனியும் பொறுக்க முடியாது என்ற நிலை. கவுண்டருக்கு முன்னால் நின்று, "உங்களுக்கு என்ன உரிமை இருக்கு? என்ர அப்பா செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"காணேல்லை."

"கண்டதா ஆரும் சொன்னவையோ?"

"இல்லை."

"பிறகேன் வருசா வருசம் வந்து நிண்டு அம்மாவைக் கொல்லுறீங்கள்?"

அவர் கையில் இருந்த முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார். "என்ர மனுசன் சந்தையில வெடிச்சதில செத்தவர். முகத்தைப் பார்த்து அடக்கம் செய்தனான். ஒரு வருசம் அழுதனான். ஆண்டுப் பூசை முடிய அன்ரனுக்குப் பலகாரம் சுட்டுக் குடுத்தனான். செத்த வீட்டுக்கு ஒரு வருசம், பிள்ளை. காத்திருக்கிற வீட்டுக்கு எத்தினை வருசம்? நீ படிச்சனி, சொல்லு பாப்பம்."

"அவர் திரும்பி வந்தால்?"

"வந்தால் என்ர செவிட்டில ஒண்டு குடுக்கச் சொல்லு. சந்தோசமா வாங்குவன்." பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்து, "அடுத்த ஆள் வாங்கோ" என்றார்.

எனக்குப் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு விலக வேண்டியதாயிற்று. அதனால் அவர்மேல் இருந்த வெறுப்பு இரண்டு மடங்கானது. இன்றைக்கும் சொல்கிறேன்: அவர் செய்தது நியாயம் என்று இந்தப் பக்கத்தில் நான் எழுதப்போவதில்லை. அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரு நம்பிக்கைதான். அதைப் பிடுங்க அயல்வீட்டுக்காரிக்கு யார் அனுமதி கொடுத்தது? ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னோடு கச்சேரிக்கு வந்தது, வீட்டுக்கும் வந்தது. மார்கழி மாதம் எனக்கு வேண்டாத மாதமாயிற்று. ஒழுங்கையில் கரோல் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துவேன். நத்தார் அன்று கடமைக்கு ஆள் தேவையென்றால் முதல் ஆளாகக் கையை உயர்த்துவேன். கந்தோரில் என்னை நல்ல பிள்ளை என்று நினைத்தார்கள்.

அம்மா கண்ணை மூடியது நாட்டில் யுத்தம் ஓய்ந்து சில வருடங்களுக்குப் பிறகு. செலின் அப்போது கலியாணம் முடித்துக் கனடாவில் இருந்தாள். அந்த நத்தாருக்கு எங்கள் வீடு துக்க வீடுதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதல்நாள் அயலில் இருந்து தட்டுகள் வந்தன, வாங்கினேன். கடைசியாக எமிலியா அன்ரி முழங்கால் வருத்தத்தோடு ஆடி ஆடி வந்தார். இரண்டு கையிலும் இரண்டு தட்டு.

"இது கொம்மாவுக்கு" என்று ஒன்றை நீட்டினார். வாங்கினேன்.

"இது கொப்பருக்கு."

"அதைக் கொண்டு போங்கோ" என்றேன்.

"சரி" என்றார். கொண்டுபோனார். அம்மாவுக்கென்று வந்த தட்டில் இருந்ததை நான் தனியே இருந்து சாப்பிட்டேன். பணியாரம் நல்ல ருசியாக இருந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அம்மாவின் ஆண்டுப் பூசைக்குச் செலின் பிள்ளைகளோடு வந்து நத்தார் வரைக்கும் நின்றாள். "அக்கா, தாச்சியை எடு" என்றாள். நான் மறுத்தேன். "அப்பா இருக்கிறார் எண்டால் இது வழமையான வீடு, சுடலாம். இல்லையெண்டாலும் அம்மாவின்ர ஆண்டு முடிஞ்சுது, சுடலாம். நீ ஏன் சும்மா முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?" என்று வக்கீலைப் போல வாதாடினாள். தாச்சி ஏறியது. எங்கள் இருவருக்கும் பலகாரம் சுடத் தெரியாது. தெரிய வேண்டிய வயதில் எங்கள் வீட்டில் எண்ணெய் கொதிக்கவில்லையே. பாணிப் பதம் பிழைத்து, அரியதரம் எண்ணெயில் விழுந்த கையோடு கரைந்து மண்டியாகியது. புகை ஒழுங்கைக்குப் போயிருக்க வேண்டும். "என்னடி, வீட்டுக்கு நெருப்பு வைச்சிட்டீங்களோ?" என்று கத்திக்கொண்டு எமிலியா அன்ரி படலையைத் தள்ளி உள்ளே வந்தார்.

வந்தவர் மாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பேசத் தொடங்கினார். குசினியில் பலகைக்கட்டையைப் போட்டு இருந்துகொண்டு பேசினார். அதைக் கொட்டு, இதை அரி, அது என்ன கையா காலா என்று பேசினார். தமிழ் விளங்காத கனடாப் பிள்ளைகளையும் பேசினார். அவர்கள் ஏதோ பாட்டுக் கேட்பதுபோல வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புது மாவில் போட்ட முதல் அரியதரம் பொங்கி மேலே வந்ததும் செலினின் மகள் அதைத் தட்டில் இருந்து பறித்து வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டு குதித்தாள். செலின் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியாது. "எண்ணெய்க்குள்ள கண்ணீர் விடாதை, தெறிக்கும்" என்றார் எமிலியா அன்ரி. நாற்பது வயதுக்கு மேல் எனக்கு நத்தார் திரும்பி வந்தது அன்றைக்குத்தான். உலகத்தில் எத்தனையோ நல்ல மனிதர்கள் இருக்க, அதை இவர் கையால் வாங்க வேண்டி வந்ததே என்ற மனக்குறை எனக்கு இன்னும் உண்டு.

அன்றைக்கும் போகும்போது, "மற்றத் தட்டு?" என்றார். "வேண்டாம்" என்றேன். அதற்குப் பிறகு அதுவே வழமையாயிற்று. முதல்நாள் அப்பாவுக்கென்று ஒரு தட்டோடு வந்து நிற்பார், நான் வேண்டாம் என்பேன், திரும்பிப் போவார். மறுநாள் காலை பேரப்பிள்ளையின் கையில் சாதாரணத் தட்டை அனுப்புவார். அதை நான் நிறைத்துத் திருப்பி அனுப்புவேன்.

இந்த வருடம் புரட்டாதியில் அவர் படுக்கையில் விழுந்தார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தலையணையில் தலை இருந்ததே தவிர வாய் படுக்கவில்லை.

"மற்றத் தட்டு என்ன மாதிரி?" என்றார்.

"இந்த முறை கொண்டாங்கோ. வாங்கிறன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், எனக்கும் களைத்துவிட்டது. காத்திருக்கிற வீட்டில் கடைசியாக மிஞ்சியவள் நான்.

அவர் தலையணையில் இருந்து தலையை உயர்த்தினார். "வருத்தக்காரியைச் சமாளிக்கவோ இப்பிடிச் சொல்லுறாய்?"

"இல்லை அன்ரி."

"அப்ப பயற்றம் பணியாரம் வைக்கிறன். அவனுக்கு அதுதான் விருப்பம்."

"அப்பாவுக்கு அரியதரம்தான் விருப்பம்."

"அது உங்கட வீட்டில. என்ர வீட்டுக்கு வந்தா பணியாரம்தான் கேட்டு வாங்கித் தின்னுவான். தின்னேக்க ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைப்பான்." சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் அப்பா இல்லாமல் போயிருக்கிறார் என்பது இத்தனை காலமும் என் புத்தியில் ஏறவில்லை. அவரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்கும் அவரோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் வந்தேன்.

எமிலியா அன்ரியிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: அழுகைக்கு ஒரு வருடம் என்ற கணக்கு. இந்த நத்தாருக்கு எங்கள் வீட்டில் தாச்சி ஏறாது. சுவாமியாரிடம் அப்பாவின் பெயரைச் சொல்லி இறந்தவர்களுக்கான பூசைக்குக் கொடுத்துவிட்டேன். செலினுக்கும் சொல்லிவிட்டேன், தொலைபேசியில் இருவரும் அழுதோம். என் அப்பா மரியதாஸ் செத்துவிட்டார். இதை எழுத எனக்கு இத்தனை காலம் எடுத்தது. அடுத்த வருட நத்தாருக்குப் பலகாரம் சுடுவேன், இந்த ஒழுங்கை முழுவதுக்கும் சுடுவேன்.

அன்ரனின் வீடும் துக்க வீடு. அவன் எங்களுக்குத் தட்டுக் கொண்டுவர முடியாது. ஆகவே அயலவர்களே, இம்முறை ஒழுங்கையில் இரண்டு துக்க வீடு இருக்கிறது. அப்பாவின் பெயரில் ஒரு தட்டு நீட்டுவதற்கு நீங்கள் எல்லாரும் இவ்வளவு காலமும் பயந்திருந்தீர்கள். இனிப் பயப்பட வேண்டாம். திருநாளுக்கு முதல்நாள் படலை திறந்திருக்கும், யார் கொண்டுவந்தாலும் வாங்குவேன். ஆனால் பயற்றம் பணியாரத்தோடு வருகிறேன் என்று சொன்னவர் வரப்போவதில்லை. வராதே என்று துரத்திய காலமெல்லாம் மழையென்றும் ஷெல்லென்றும் பாராமல் வந்து நின்றுவிட்டு, வாங்கோ என்று கூப்பிட்ட வருடம் வராமல் விட்டதற்காக எமிலியா அன்ரியை நான் ஒருநாளும் மன்னிக்கமாட்டேன்.